பெடல் கெபாசிட்டரில் 16, 25, 50: எந்த வோல்ட் எங்கே?

கிட்டார் பெடல் (கிட்டார் ஒலியை மாற்றும் காலடிப் பெட்டி) ஒன்றின் பாகப் பட்டியலில், மின்னூட்டத்தைத் தேக்கும் கெபாசிட்டருக்கு ‘100 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட்’ என்று இருக்கிறது. கடையில் 25 வோல்ட்டும் 63 வோல்ட்டும்தான் இருக்கின்றன. வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். கிட்டார் பெடல் கட்டத் தொடங்குகிறவர்கள் முதலில் தடுமாறி நிற்பது இங்கேதான். எழுதியிருப்பதைவிட அதிக வோல்ட் போடலாம்; குறைவாகப் போட வேண்டுமென்றால் கணக்குப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். பெரும்பாலான நேரம் இது போதும்.

போதாத இடங்களும் உண்டு. சார்ஜ் பம்ப் (சப்ளை வோல்டேஜை உயர்த்தும் அல்லது மைனஸ் ஆக்கும் பகுதி) உள்ள சர்க்யூட், டான்டலம் கெபாசிட்டர், பெரிய மதிப்புச் செராமிக் கெபாசிட்டர், அப்புறம் பெட்டிக்குள் இருக்கும் இடம். இந்த நான்கிலும் அந்த ஒரு வரியை மட்டும் நம்பினால் கெபாசிட்டர் வீங்கும், புகையும், அல்லது மூடி மூடாது.

கெபாசிட்டர் மேல் அச்சடித்திருக்கும் வோல்ட் அது தாங்கும் உச்ச வரம்பு. அது சர்க்யூட்டுக்குள் எந்த வோல்டேஜையும் கொண்டுவருவதில்லை. 10 மைக்ரோ 16 வோல்ட்டும் 10 மைக்ரோ 63 வோல்ட்டும் 9 வோல்ட் பெடலில் அதே 10 மைக்ரோதான். வோல்ட் கூடினால் ஒலி ‘திறந்து கொள்ளும்’ என்று சொல்லி 630 வோல்ட் ஃபில்ம் (பிளாஸ்டிக் படலம்) கெபாசிட்டர்களை வாங்கவைக்கிறார்கள். அந்தக் காசுக்கு நல்ல பொட்டும் (திருகிச் சரிசெய்யும் பொட்டென்ஷியோமீட்டர்) நல்ல ஃபுட் ஸ்விட்சும் வாங்குங்கள், வித்தியாசம் தெரியும்.

சரி, ஒரு சர்க்யூட்டில் எந்தக் கெபாசிட்டர் மீது எவ்வளவு விழுகிறது? ஃபஸ் ஃபேஸை எடுத்துக்கொள்வோம். 1966-ல் வந்த, ‘ஃபஸ்’ என்னும் கரகரப்பொலி தரும் பெடல்; இரண்டு டிரான்சிஸ்டர், மூன்றே மூன்று கெபாசிட்டர். நுழைவாயிலில் 2.2 மைக்ரோ, ஃபஸ் பொட்டில் 20 மைக்ரோ, வெளியே போகும் வழியில் 0.01 மைக்ரோ. பார்வைக்கு 20 மைக்ரோதான் பெரியது, அதற்குத்தான் அதிக வோல்ட் ரேட்டிங் வேண்டும் என்று தோன்றும். அளந்து பார்த்தால் கதை தலைகீழ். 20 மைக்ரோ இருப்பது இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டர் பக்கம் (பேஸ், கலெக்டர், எமிட்டர் என்பவை டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள்). அங்கே 1 வோல்ட்கூட இருப்பதில்லை. 2.2 மைக்ரோ மீதும் ஒரு வோல்ட்டுக்குள்தான். ஆனால் வெளியேறும் 0.01 மைக்ரோ உட்கார்ந்திருப்பது 470 ஓமும் 8.2 கிலோ ஓமும் சந்திக்கும் இடத்தில். கலெக்டரை 4.5 வோல்ட்டில் வைத்தால் ஓடும் கரண்ட் அரை மில்லி ஆம்பியர்; 470 ஓம் மேல் கால் வோல்ட்தான் இறங்கும். ஆக அந்தச் சின்னக் கெபாசிட்டரின் ஒரு கால் சப்ளைக்கு கால் வோல்ட் குறைவான இடத்தில், மறு கால் வால்யூம் பொட் வழியாக கிரவுண்டில். அதன் குறுக்கே கிட்டத்தட்ட 8.75 வோல்ட். மூன்றில் பொடியன்தான் முழு பாரத்தையும் தாங்குகிறான். அது 50 அல்லது 100 வோல்ட் ஃபில்மாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த 20 மைக்ரோவுக்கு 6.3 வோல்ட் போட்டால் போதாதா? வேலை செய்யும். ஆனாலும் போட வேண்டாம். காரணம், கெபாசிட்டர் தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியது சர்க்யூட் நலமாக ஓடும்போது இருக்கும் வோல்டேஜ் அல்ல; ஏதோ ஒன்று கெட்டால் அந்த இடத்துக்கு வந்து சேரக்கூடிய வோல்டேஜ். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலோ, ஓர் ஓப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐ.சி. சிப்) அவுட்புட் மேலே போய் ஒட்டிக்கொண்டாலோ, சால்டர் துளி பக்கத்துத் தடத்தைத் தொட்டாலோ அங்கே சப்ளை முழுதும் வந்து விழும். பெடல் கட்டுகிறவர்கள் போர்டை ஆன் செய்துவிட்டு ஐ.சி.யைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். அப்போதும் இதே நிலைமைதான். எனவே அளவுகோல், அந்தக் கெபாசிட்டரை எட்டக்கூடிய சப்ளை ரெயில், அதாவது சப்ளை வோல்டேஜ் ஓடும் தடம். சப்ளையில் பாதியான 4.5 வோல்ட் ரெஃபரன்ஸ் மேல் இருக்கும் 47 மைக்ரோவுக்கும் ரெயிலைத் தாங்கும் ரேட்டிங்கையே கொடுங்கள்.

இனி அந்த ரெயில் உண்மையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ‘9 வோல்ட்’ என்பது பேச்சு வழக்கு. புதுப் பேட்டரியே 9.4, 9.6 காட்டும். பெடலுக்கென்றே விற்கும் ரெகுலேட்டட் (வோல்டேஜை நிலையாக வைக்கும்) அடாப்டர் 9-க்கு ஒட்டியே இருக்கும், கவலையில்லை. பிரச்சினை, பின்னால் 3 முதல் 12 வரை தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் வைத்த அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர். உள்ளே ரெகுலேட்டர் கிடையாது. 9 வோல்ட் ஏசியின் உச்சம் 12.7 வோல்ட். பிரிட்ஜ் டையோடுகளுக்கு ஒன்றரை வோல்ட் கழித்தாலும் 11-க்கு மேல் நிற்கும். அதோடு, அரை ஆம்பியருக்கென்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் மீது 5 மில்லி ஆம்பியர் குடிக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒரு சுமையே இல்லை. செகண்டரி வோல்டேஜே ஏறி நிற்கும். மல்டிமீட்டரில் 13, 14 பார்ப்பது சாதாரணம். 10 வோல்ட் கெபாசிட்டர் வைத்தவர் பாடு அங்கேயே முடிந்தது. 16 வோல்ட் வைத்தவர் தப்பிப்பார், ஆனால் விளிம்பில் நின்றுகொண்டு.

அடுத்தது 18 வோல்ட். இப்போது பெடல்போர்டுகளில் வரும் பவர் பிரிக்குகளில் 9, 12, 18 மூன்றும் ஒரே மாதிரி ஜாக்கில்தான் இருக்கின்றன. மேடையில் இருட்டில் வயரை மாற்றிச் செருகுவது நடக்கக்கூடியதே. 16 வோல்ட் கெபாசிட்டர் 18-ல் உடனே வெடிக்காது. சிறிது நேரம் தாங்கும், கசிவுக் கரண்ட் ஏறும், சூடாகும், தலை உப்பும். அன்று மாலை ஓடிவிடும். சில வாரம் கழித்து ஹம் இரைச்சல் வரும்போது காரணம் புரியாது. இதனால்தான் பட்டியலில் 16 என்றிருந்தாலும் பவர் நுழையும் இடத்திலும் அந்த ரெயிலிலும் 25 வோல்ட் போடுங்கள் என்கிறேன். விலையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

கெபாசிட்டரை 25 ஆக்கிவிட்டு டையோடை மறந்துவிடக் கூடாது. தலைகீழ் இணைப்பிலிருந்து காக்க வரிசையில் போடும் 1என்5817 தாங்கும் தலைகீழ் வோல்டேஜ் 20 மட்டுமே. 9 வோல்ட்டுக்குப் போதும். 18 வோல்ட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் 40 வோல்ட் தாங்கும் 1என்5819 போடுங்கள். அளவும் கால் இடைவெளியும் அதேதான்.

போலாரிட்டியும் வோல்டேஜ் சங்கதிதான். அலுமினியம் எலக்ட்ரோலைட்டிக், அதாவது ப்ளஸ், மைனஸ் கால் உள்ள உருளைக் கெபாசிட்டர், தலைகீழாகத் தாங்குவது ஒரு வோல்ட், மிஞ்சினால் ஒன்றரை. உடம்பில் 50 என்று எழுதியிருந்தாலும் தலைகீழாக அதே ஒன்றரைதான். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலில் இருக்கிறது. அதன் டிஎஸ்808 மாடலில் நுழைவு டிரான்சிஸ்டர் பஃபருக்கும் கிளிப்பிங் ஓப்-ஆம்புக்கும் நடுவில் 1 மைக்ரோ. அசலில் அது நான்-போலார், அதாவது ப்ளஸ், மைனஸ் பேதமில்லாத வகை. கையில் நான்-போலார் இல்லாதவர் சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கை எடுத்து, ‘சிக்னல் இடமிருந்து வலம் போகிறது, எனவே ப்ளஸ் இடப்பக்கம்’ என்று வைத்துவிடுவார். தவறு. பஃபர் பேஸுக்கு 4.5 வோல்ட் வருவது 510 கிலோ ஓம் வழியாக. பேஸ் கரண்ட் அதில் கொஞ்சத்தைத் தின்னும், பேஸ்–எமிட்டர் சந்தி இன்னொரு 0.6 வோல்ட் எடுத்துக்கொள்ளும். எமிட்டரில் மிஞ்சுவது 3 முதல் 3.5 வோல்ட். மறுபக்கம் ஓப்-ஆம்ப் இன்புட்டோ 10 கிலோ ஓம் வழியாக அப்படியே 4.5-ல் இருக்கிறது. ஆக வலப்பக்கம்தான் ஒரு வோல்ட்டுக்கு மேல் உயரம். ப்ளஸ் அங்கேதான் வர வேண்டும். சிக்னல் போகும் திசைக்கும் ப்ளஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. டிசி எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ப்ளஸ்.

இந்த இடத்துக்கு என் தேர்வு 1 மைக்ரோ 63 வோல்ட் பாக்ஸ் ஃபில்ம். 5 மி.மீ. கால் இடைவெளியில் கிடைக்கிறது, போலாரிட்டி யோசனையே வேண்டாம். அதே பெடலின் கடைசியில் இருக்கும் 10 மைக்ரோவை எலக்ட்ரோலைட்டிக்காகவே விடலாம். எமிட்டர் பக்கம் ப்ளஸ், ஜாக் பக்கம் மைனஸ்.

பி.என்.பி. ஜெர்மேனியம் ஃபஸ் கட்டுகிறவர்கள் இன்னொரு முறை நிதானிக்க வேண்டும். அங்கே ப்ளஸ்தான் கிரவுண்ட். சப்ளையின் குறுக்கே ஃபில்டர் கெபாசிட்டர் போட்டால் அதன் ப்ளஸ் கால் கிரவுண்டுக்குப் போகும். நுழைவாயில் 2.2 மைக்ரோவின் ப்ளஸ் கிட்டார் பக்கம் பார்க்கும். சிலிக்கான் என்.பி.என். வடிவத்தில் அதே கெபாசிட்டர் திரும்பி, ப்ளஸ் பேஸ் பக்கம் போகும். என்.பி.என். வரைபடத்தைப் பார்த்து பி.என்.பி. கட்டினால் மூன்றில் இரண்டு கெபாசிட்டர் தலைகீழாகிவிடும். அந்த இரண்டின் மீதும் ஒரு வோல்ட்டுக்குள்தான் என்பதால் பெடல் உடனே சாகாது, பாடவும் செய்யும். அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. ஃபில்டரைத் தலைகீழாக வைத்தால் மட்டும் உடனே தெரியும்.

கசிவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஸ்விட்ச் மிதித்தால் டப்பென்று சத்தம்’ என்ற புகாரின் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது. எலக்ட்ரோலைட்டிக் எல்லாமே கொஞ்சம் டிசியைக் கசியவிடும். நுழைவாயிலில் ஒரு எலக்ட்ரோலைட்டிக், அதன் வெளிப்பக்கம் 1 மெக் ஓம் புல்-டவுன், அதாவது கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர். கசிவு ஒரே ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றாலும் 1 மெக் மீது 1 வோல்ட் நின்றுவிடும். ஸ்விட்சை மிதித்ததும் அந்த ஒரு வோல்ட் ஆம்ப்ளிஃபயருக்குள் பாயும். பொட்டுக்கு முன்னால் இருந்தால் பொட்டைத் திருப்பும்போது கரகரக்கும். ரேட்டிங்குக்கு நெருக்கமாக ஓடும் கெபாசிட்டர் அதிகம் கசியும். 63 வோல்ட் கெபாசிட்டர் 4 வோல்ட்டில் இருந்தால் கசிவு மிகக் குறைவு. சிக்னல் வழியில் எலக்ட்ரோலைட்டிக் போட்டே ஆக வேண்டுமென்றால் 50, 63 வோல்ட்டைப் போடுவதற்கு இது நல்ல காரணம். 1 மைக்ரோவும் 10 மைக்ரோவும் 50 வோல்ட்டில்கூட 5 மி.மீ. விட்டம், 11 மி.மீ. உயரம்தான். 16 வோல்ட் வாங்கினாலும் பெரும்பாலும் அதே குப்பிதான் கிடைக்கும். இடம் மிச்சமாகாது.

சார்ஜ் பம்ப் இருக்கும் பெடலில்தான் அதிகமான கெபாசிட்டர்கள் பலியாகின்றன. 1994-ல் வந்த க்ளோன் சென்டார் ஓவர்டிரைவ் பெடலை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். அதன் உள்ளே மேக்ஸ்1044 என்ற சார்ஜ் பம்ப் ஐ.சி. ஒன்று 9 வோல்ட்டிலிருந்து ப்ளஸ் 18-ம் மைனஸ் 9-ம் உண்டாக்குகிறது. முதல் டிஎல்072 ஓப்-ஆம்ப் சாதாரண 9 வோல்ட்டில் ஓடுகிறது. இரண்டாவது, 18-க்கும் மைனஸ் 9-க்கும் நடுவில், அதாவது மொத்தம் 27 வோல்ட்டில். பெட்டிக்கு வெளியே 9 என்று எழுதியிருக்கிறதே என்று எல்லா எலக்ட்ரோலைட்டிக்கையும் 16 வோல்ட்டாக வாங்கினால் 18 வோல்ட் ரெயிலில் இருப்பது முதல் நாளிலிருந்தே வரம்பைத் தாண்டியிருக்கும். டையோடு இழப்பு போக அங்கே 17-க்குச் சற்று மேல் நிற்கும். அதற்கு 25 சரி, 35 நிம்மதி. மைனஸ் 9 ரெயிலுக்கு 16 போதும், 25 நல்லது. 18-க்கும் மைனஸ் 9-க்கும் நேராக ஒரு கெபாசிட்டர் போடுகிறீர்கள் என்றால் அது 27 வோல்ட் காண்கிறது. 25 போடவே கூடாது, 35 நெருக்கம், 50 எடுங்கள்.

மைனஸ் ரெயிலில் ப்ளஸ் கால் எங்கே போகும்? கிரவுண்டுக்கு. கிரவுண்ட் அங்கே உயரமான இடம். போர்டில் அச்சிட்ட ப்ளஸ் குறி தவறாக இருக்கிறது என்று நினைத்துத் திருப்பி வைத்துவிடுகிறவர்கள் உண்டு, திருப்ப வேண்டாம்.

பம்ப் ஐ.சி.க்கும் வரம்பு உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மேக்ஸ்1044-க்கு 10 வோல்ட்தான் எல்லை, டிசி1044எஸ் 12 வரை, எல்டி1054 15 வரை. மேலே சொன்ன 13 வோல்ட் அடாப்டரை மேக்ஸ்1044 பெடலில் செருகினால் கெபாசிட்டர் 50 வோல்ட்டாக இருந்தாலும் ஐ.சி. போய்விடும். எல்டி1054 போட்ட டபுளருக்கு (வோல்டேஜை இரட்டிப்பாக்கும் சர்க்யூட்) யாராவது 12 வோல்ட் கொடுத்தால் வெளியே 23 வரும். அங்கே 25 என்பது விளிம்பு, 35 போட்டிருந்தால் தூங்கலாம். டபுளரில் ஐ.சி.யின் இரண்டாவது காலிலிருந்து டையோடுகளுக்குப் போகும் 10 மைக்ரோ மீது விழுவது 9 வோல்ட்டுக்குள்தான், பாரம் முழுவதும் கடைசி ஃபில்டர் மீதே. ஆனாலும் இரண்டையும் ஒரே ரேட்டிங்கில் வாங்கினால் மாற்றிச் சால்டர் செய்யும் பயம் இல்லை.

டான்டலம் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். அலுமினியத்துக்குச் சொல்லும் கணக்கு இதற்குப் பொருந்தாது. டான்டலத்தை எழுதிய வோல்ட்டில் பாதிக்கு மேல் ஓட்டாதீர்கள்: 9 வோல்ட் ரெயிலில் 16 போதாது, 25 வேண்டும். கெடும்போது அது திறந்துகொள்வதில்லை, ஷார்ட் ஆகிறது. பின்னால் ஓர் ஆம்பியர் தரக்கூடிய அடாப்டர் இருந்தால் தீப்பிடிக்கும். தலைகீழ் வோல்டேஜை அலுமினியம் அளவுக்குக்கூடத் தாங்காது. போதாததற்குக் குறியீடும் எதிர்மாறு. அலுமினியக் குப்பியில் உள்ள பட்டை மைனஸ் காலைக் காட்டும். டான்டலத்தில் உள்ள பட்டையோ குறியோ ப்ளஸ் காலைக் காட்டும். இது ஒன்றை மறந்ததால் எரிந்த போர்டுகள் ஏராளம். ஜாக்குக்கு நேராக, தடையே இல்லாமல் சப்ளைக் குறுக்கே டான்டலம் வைக்காதீர்கள். செருகும் கணத்தில் பாயும் கரண்டே அதைக் கொல்லும். டிஎஸ்808-ன் டோன் பகுதியில் 0.22 மைக்ரோ டான்டலம் இருந்தது உண்மைதான். அங்கே கரண்டைக் கட்டுப்படுத்த ரெசிஸ்டர்கள் இருக்கின்றன, ஆபத்தில்லை. இன்று 0.22 மைக்ரோ ஃபில்ம் 63 வோல்ட்டில் சுண்டுவிரல் நகம் அளவில் கிடைக்கும்போது டான்டலத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

செராமிக்கில் வோல்ட் ரேட்டிங்கின் பொருளே வேறு. அங்கே கேள்வி ‘தாங்குமா’ என்பதல்ல, ‘மதிப்பு மிஞ்சுமா’ என்பது. சி0ஜி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. டியூப் ஸ்க்ரீமரின் 51 பிக்கோ மாதிரி இடங்களில் 50 வோல்ட் சி0ஜி வைத்தால் கதை முடிந்தது. எக்ஸ்7ஆர், எக்ஸ்5ஆர் வகைகள் மீது டிசி விழுந்தால் கெபாசிட்டன்ஸ் இறங்கும். எக்ஸ்7ஆர் என்ற பெயர் சொல்வது வெப்பத்துக்கு மாறும் அளவை மட்டும், மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை 15 சதவீதத்துக்குள் என்று. டிசி வோல்டேஜ் பற்றி அந்தப் பெயரில் ஒரு வார்த்தையும் இல்லை. 0805 என்ற குட்டி உடம்பளவில் 10 மைக்ரோ, 16 வோல்ட் எக்ஸ்5ஆர் ஒன்றை 9 வோல்ட் ரெயிலில் போட்டால் மிச்சம் பாதிக்குப் பக்கமாகவோ அதற்கும் கீழோ இறங்குவது சாதாரணம். ஃபில்டர் 10 மைக்ரோ என்று நினைத்திருப்பீர்கள், உள்ளே 4 இருக்கும். சார்ஜ் பம்பின் சீட்டி காதில் விழத் தொடங்கும். மருந்து, பெரிய உடம்பு: 1206 அல்லது 1210, 25 அல்லது 50 வோல்ட். ரேட்டிங்கைவிட உடம்பின் பருமன்தான் இங்கே அதிகம் உதவும். தயாரிப்பாளர் தரும் டிசி பயஸ் வரைபடத்தைத் திறந்து 9 வோல்ட்டுக்கு நேரே என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

சிக்னல் வழியில் இந்த வகைச் செராமிக் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம். சிக்னல் ஏறி இறங்கும்போது கெபாசிட்டன்ஸும் கூடவே ஏறி இறங்கினால் அது நீங்கள் கேட்காத டிஸ்டார்ஷன். போதாக்குறைக்கு, தட்டினால் மைக்ரோஃபோன் மாதிரி ஒலிக்கும். பெட்டியை மிதிக்கிறவர்களுக்கு இது ஆகாது. ஐ.சி. காலோடு ஒட்டி வைக்கும் 0.1 மைக்ரோ 50 வோல்ட் எக்ஸ்7ஆர் மட்டும் விதிவிலக்கு. அங்கே துல்லியம் தேவையில்லை.

ஃபில்ம் கெபாசிட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 50, 63, 100 வோல்ட் எது கிடைத்தாலும் 9 வோல்ட்டுக்கும் 27 வோல்ட்டுக்கும் தாராளம். குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும். 2ஏ104ஜே என்றால் 2ஏ என்பது 100 வோல்ட், 104 என்பது 0.1 மைக்ரோ, ஜே என்பது 5 சதவீதம். 1எச் 50 வோல்ட், 1ஜே 63, 2ஈ 250, 2ஜி 400, 2ஜே 630. எஸ்.எம்.டி. (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் வகை) எலக்ட்ரோலைட்டிக் மேலும் இதே எழுத்துகள் வரும்: 1ஏ என்றால் 10, 1சி 16, 1ஈ 25, 1வி 35. உதிரிப் பாகப் பெட்டியில் பெயர் தெரியாமல் கிடக்கும் கெபாசிட்டர்களில் பாதியை இந்த எழுத்துகளே அடையாளம் காட்டிவிடும்.

பெட்டிக்குள் இடம் என்று வரும்போதுதான் அதிக வோல்ட் தொல்லை கொடுக்கும். பெடல்களுக்கு வழக்கமான 1590பி அலுமினியப் பெட்டியின் வெளி உயரமே 31 மி.மீ.; அதில் பொட், போர்டு, ஜாக் எல்லாம் போக கெபாசிட்டருக்கு மிஞ்சும் உயரம் சொற்பம். 100 மைக்ரோ 25 வோல்ட் என்றால் 6.3 மி.மீ. விட்டம், 11 உயரம். 100 மைக்ரோ 63 வோல்ட் வாங்கினால் விட்டம் 8 முதல் 10. போர்டில் 2.5 மி.மீ. துளை இருக்கும் இடத்தில் 3.5 அல்லது 5 மி.மீ. கால் வரும். காலை வளைத்துத் திணித்தால் அடிப்பக்க ரப்பர் அடைப்பு விரியும், பிறகு உள்ளிருக்கும் திரவம் மெல்ல உலரும். 220 மைக்ரோ 25 வோல்ட் 8 மி.மீ., 470 மைக்ரோ 25 வோல்ட் 10 மி.மீ. பக்கம். உயரம் இடித்தால் காலை 3 மி.மீ. விட்டு 90 டிகிரி மடித்துப் படுக்க வையுங்கள். அடியில் ரெசிஸ்டர் இருந்தால் இடையில் ஒரு துண்டு டேப். 1590ஏ மாதிரி குட்டிப் பெட்டி என்றால் அங்கேதான் 16 வோல்ட்டுக்கு நியாயம் இருக்கிறது, அதுவும் ரெகுலேட்டட் 9 வோல்ட் மட்டுமே வரும் என்று உறுதியாகத் தெரிந்தால்.

‘63 வோல்ட் கெபாசிட்டரை 9 வோல்ட்டில் வைத்தால் உள்ளே ஆக்சைடு படலம் தேய்ந்து சும்மா ஆகிவிடும்’ என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. இன்றைய கெபாசிட்டர்களை வைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. படலம் காலப்போக்கில் மெலிந்தாலும், அது மெலிவது ஓடும் வோல்டேஜுக்குப் போதுமான அளவுக்குத்தான்.

பிடி2399 எதிரொலி ஐ.சி. வைத்த டிலே பெடலில், 5 வோல்ட் ரெகுலேட்டரான 78எல்05-க்குப் பின்னால் எல்லாமே 5 வோல்ட். அங்கே 10 வோல்ட் போதும் என்று தோன்றும். ரெகுலேட்டர் ஷார்ட் ஆனால் 9 வரும் என்பதால் 16 போடுங்கள். ரெகுலேட்டருக்கு முன்னால் இருப்பதற்கு 25.

வால்வ் பெடல் தனி உலகம். 12ஏஎக்ஸ்7 வால்வை 9, 12 வோல்ட்டிலேயே ஓட்டும் வடிவங்களுக்கு மேலே சொன்னது பொருந்தும். ஆனால் பூஸ்ட் கன்வர்ட்டர் வைத்து 200, 250 வோல்ட் உண்டாக்குகிறவர்கள் ஃபில்டருக்கு 400 அல்லது 450 வோல்ட் போட வேண்டும். வால்வின் வெளியேற்ற முனையான பிளேட்டிலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டருக்கும் 400 அல்லது 630. நலமாக ஓடும்போது பிளேட்டில் 150 இருக்கலாம். ஆன் செய்த முதல் சில நொடி வால்வ் சூடாகாமல் கரண்டே இழுக்காது, அப்போது 250 முழுதும் அங்கே நிற்கும். 630 வோல்ட் ஃபில்முக்கு உண்மையான வேலை இங்கேதான். 22 மைக்ரோ ஃபில்டரின் குறுக்கே 220 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள். பவரை எடுத்த பிறகு அரை நிமிடத்தில் சார்ஜ் இறங்கிவிடும். இறங்கியதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஒரு கை போதும், மறு கை பாக்கெட்டில்.

வாங்கி வைக்க வேண்டியது அதிகமில்லை. எலக்ட்ரோலைட்டிக்கில் 1 மைக்ரோ 63 வோல்ட், 10 மைக்ரோ 63 வோல்ட், 47 மைக்ரோ 25, 100 மைக்ரோ 25, 220 மைக்ரோ 25, ஒவ்வொன்றிலும் 20. சார்ஜ் பம்ப் கட்டுவீர்கள் என்றால் 47 மைக்ரோ 50 வோல்ட்டில் ஒரு 10. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனால் இவையெல்லாம் சில்லறையிலேயே கிடைக்கும். வாங்கியதும் மதிப்பை மீட்டரில் பாருங்கள்; எலக்ட்ரோலைட்டிக்குக்கு 20 சதவீதம் அங்கே இங்கே இருப்பது இயல்பு, 100 என்று எழுதி 60 காட்டினால் திருப்பிக் கொடுங்கள். தலை தட்டையாக, பிளாஸ்டிக் உறை சுருங்காமல், கால் பளபளப்பாக இருக்க வேண்டும். கால் மங்கியிருந்தால் நெடுநாள் கிடந்த சரக்கு.

முதல் முறை பவர் கொடுக்கும்போது நேராக அடாப்டரைச் செருகாதீர்கள். 9 வோல்ட் பேட்டரி எடுத்து, ப்ளஸ் வயரில் வரிசையாக 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள். அதன் குறுக்கே மல்டிமீட்டர், டிசி 20 வோல்ட் ரேஞ்ச். 0.5 வோல்ட் காட்டினால் பெடல் 5 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, ஓவர்டிரைவுக்கு அது சரியான அளவு. 2 வோல்ட்டுக்கு மேல் போனால் எங்கோ கெபாசிட்டர் தலைகீழாக இருக்கிறது அல்லது ஷார்ட். ரெசிஸ்டர் சுடுவதற்குள் பேட்டரியைக் கழற்றுங்கள். எல்லாம் சரி என்றால் மீட்டரின் சிவப்பு முனையை ஒவ்வோர் எலக்ட்ரோலைட்டிக்கின் ப்ளஸ் காலிலும் கருப்பை மைனஸ் காலிலும் வைத்து ஒவ்வொன்றாக அளந்து காகிதத்தில் எழுதுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் அந்தக் கெபாசிட்டரைக் கழற்றித் திருப்பி வையுங்கள். எண் அதன் உடம்பில் எழுதியிருப்பதில் முக்கால் பங்கைத் தாண்டினால் அடுத்த ரேட்டிங்குக்கு மாற்றுங்கள். அதன் பிறகு 100 ஓமைக் கழற்றிவிட்டு அடாப்டரைச் செருகலாம்.